உங்களுக்குத் தெரியுமா? கேமரன் மலையில் யார் யாருடைய மொழியைப் படித்தார்கள்?

பகாங் மாநிலத்தின் கேமரன் மலைக்குப் போகிறவர்கள் ஸ்ட்ராபெரி வாங்குவார்கள், தேயிலைச் சரிவில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், குளிர் தாங்காமல் இறங்கிவிடுவார்கள். இந்த வாரத் துணுக்குகள் அந்தச் சரிவுகளில் பேசிய, எழுதிய, அதட்டிய மொழிகளைப் பற்றியவை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான்: யார் யாருடைய மொழியைக் கற்க வேண்டியிருந்தது? பதில் நீங்கள் நினைப்பதுபோல் இராது.

மலைக்குப் பெயர் எப்படி வந்தது?

1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்தப் பக்கம் வந்து, மலைமேல் ஒரு சமவெளி இருப்பதாக எழுதிவைத்தார். எங்கே என்று வரைபடத்தில் சரியாகக் குறிக்கவில்லை. அதனால் என்ன, பெயர் அவருடையதாகிவிட்டது. காலங்காலமாக அங்கே வாழ்ந்த செமாய் மக்கள் அந்த இடத்தைப் பற்றி ஒருபோதும் குழம்பியிருக்க மாட்டார்கள். அவர்கள் கரையில் வாழ்ந்த தெலோம், பெர்தாம் ஆறுகளின் பெயர்கள் மட்டும் வெள்ளைக்காரர் கைக்குத் தப்பின.

தமிழ் படிக்கப் போன மெலாக்காப் பையன்

தோட்டக்காட்டுக்கு வெகு காலம் முன்பு மலாயாவில் தமிழ் தொழிலாளியின் மொழியாக இருக்கவில்லை, முதலாளியின் மொழியாக இருந்தது. நவீன மலாய் உரைநடையின் தந்தை என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லா 1796-இல் மெலாக்காவில் பிறந்தவர். அவருடைய முப்பாட்டனார் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே தமிழ்ப் பெண்ணை மணந்தவர். 1849-இல் வெளியான தன்வரலாற்றில், சிறுவயதில் தன்னைத் தமிழ் படிக்க அனுப்பியதை அப்துல்லா எழுதுகிறார். காரணம் பாசமோ பரம்பரைப் பெருமையோ அல்ல. மெலாக்கா நிறைய இந்திய வணிகர்கள் இருந்தார்கள்; கணக்கு வழக்குக்குத் தமிழ் தேவைப்பட்டது; வசதியான வீட்டுப் பிள்ளைகள் அதைப் படிப்பது ஊர் வழக்கம்.

மலாய்க்காரர் இன்றும் கடையை 'கெடாய்' என்றும், முதலீட்டை 'மோடால்' என்றும், கப்பலை 'காப்பால்' என்றும் சொல்வது அந்தக் காலத்தின் மிச்சம். அதே தமிழ் நூறு வருடம் கழித்து 'கூலிகளின் பேச்சு' என்று பெயர் வாங்கியது. மொழி மாறவில்லை. அதைப் பேசியவர்களின் பணப்பை மாறிவிட்டது.

துரைக்கும் தமிழ்ப் பரீட்சை உண்டு!

இதைத்தான் பலரும் நம்ப மாட்டார்கள். இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் கப்பலேறி வந்த இளம் சின்னத்துரை, வேலையில் நிலைக்க வேண்டுமானால் தமிழ் கற்றாக வேண்டும். மலாயாவில் 1919-இல் அமைந்த தோட்டத் துரைமார் சங்கம் பின்னர் இதற்கென்றே தேர்வு நடத்தியது. மாலை நேரத்தில் முன்ஷி எனப்படும் மொழியாசிரியரை வைத்துக்கொண்டு ழகரத்தோடு மல்லுக்கட்டிய துரைமார் பலர்.

ஆளுகிறவன் ஆளப்படுகிறவனின் மொழியைப் படிப்பது நல்ல அடையாளம்தானே என்று கேட்கலாம். எதுவரை படித்தார்கள் என்று பார்த்தால் அந்த எண்ணம் கலையும். இலங்கையில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த ஒரு கைநூலின் பெயர் 'இங்கே வா'. சின்னத்துரைகள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள என்று பெர்குசன் என்பவர் தொகுத்தது. பிறகு வெல்ஸ் என்பவர் எழுதியதற்குத் தலைப்பே 'கூலித் தமிழ்'. வா, போ, எடு, நிறுத்து, ஏன் வரவில்லை, எத்தனை பேர்: ஏவலும் வினாவும்தான் இந்த வகை நூல்களின் உயிர். தமிழில் ஒருவரை மரியாதையாக அழைக்க எத்தனை படிகள் உண்டு! வா, வாங்க, வாருங்கள், எழுந்தருளுங்கள். துரை ஏறியது முதல் படி மட்டும். அதற்கு மேல் ஏற அவருக்கு அவசியம் நேரவில்லை. எதிரே நின்ற தொழிலாளியோ அறுபது வயதானாலும் இருபத்திரண்டு வயது வெள்ளைக்காரனை 'துரை அவங்க' என்றுதான் சொன்னார்.

கேமரன் மலைக்கு இந்தப் பழக்கம் நேராக இலங்கை வழியாகவும் வந்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய 'போ' தோட்டத்தில் அவருக்குத் துணையாக நின்ற மில்ன், இலங்கையில் தேயிலைத் தொழில் பழகியவர். ஹாபு பக்கம் காட்டை அழித்துச் செடி வைத்தபோது விதையோடும் வேலைமுறையோடும் தோட்டத்துப் பேச்சும் வந்து சேர்ந்தது. பெரியதுரை, சின்னத்துரை, கங்காணி, பெரட்டு (காலை வருகைக் கணக்கு), லயம் (தொழிலாளர் வரிசை வீடு) இவையெல்லாம் இலங்கையின் அட்டனில் சொன்னாலும் கேமரனில் சொன்னாலும் புரியும். சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்காரர் போய், தமிழரும் மலையாளிகளும் மலாய்க்காரரும் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவர்களையும் தொழிலாளர்கள் 'துரை' என்றார்கள். தோல் நிறத்துக்கு வைத்த பட்டமாக இருந்தால் போயிருக்கும். நாற்காலிக்கு வைத்தது, அதனால் நின்றது.

போ என்றால் என்ன?

சீனாவின் வூயி மலைத் தேயிலையை ஆங்கிலேயர் 'பொஹீ' என்று சொல்லிவந்தார்கள், அதிலிருந்து வந்தது என்பது ஒரு விளக்கம். ஆங்கிலத்தில் 'மலைநாட்டிலேயே சிறந்தது' என்பதன் முதலெழுத்துகள் என்று மலேசியர்கள் சொல்லிக்கொள்வது இன்னொன்று. தமிழ்க் காதுக்கு மட்டும் அது ஒரு கட்டளை. பெயர்ப்பலகையைப் படித்துச் சிரிக்காத தமிழ்நாட்டுச் சுற்றுலாக்காரர் குறைவு.

நடுவில் நின்றவர்கள்

துரையின் அரைகுறைத் தமிழுக்கும் தொழிலாளியின் முழுத் தமிழுக்கும் இடையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கங்காணி. ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வருபவர், தலைக்காசு வாங்குபவர், கடனும் கொடுப்பவர். தொழிலாளியின் குறை அவர் வாய் வழியாகத்தான் மேலே போகும். எவ்வளவு போகும் என்பதை அவரே தீர்மானிப்பார். 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆளனுப்புவதைத் தடைசெய்ததும் இந்த ஆள்சேர்ப்பு முறை முடிவுக்கு வந்தது. அதிகாரம் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை.

இன்னொருவர் கிராணி. தோட்டத்து அலுவலகத்தில் பேரேடு எழுதியவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும். ஆங்கிலம் தெரிந்ததுதான் அவர்களுடைய மூலதனம். யாழ்ப்பாணத்துக் கிராணி பேசியதும் தமிழ், சேலத்துக் கொழுந்துக்காரி பேசியதும் தமிழ். ஆனாலும் 'தோட்டத்துத் தமிழ்' என்று ஒன்று தனியாக, ஒரு படி தாழ்வாக வைக்கப்பட்டது. தன் மொழிக்குள்ளேயே மாடியும் தரைத்தளமும் கட்டிக்கொள்ள நமக்கு வெள்ளைக்காரன் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம்

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வுக்கு என்று நினைப்போம். அதுவும் இருந்தது, சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். மற்றக் கோரிக்கைகளைப் படித்தால்தான் அது எதைப் பற்றிய போராட்டம் என்று தெரியும்.

துரையையோ கிராணியையோ எதிரில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை எடுக்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்த வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும். கொடுமைக்கார அலுவலர்களை நீக்கிவிட்டுத் தமிழ் பேசும் அலுவலர்களை வைக்க வேண்டும்.

கடைசியில் உள்ளதைக் கவனியுங்கள். தன்னை அதட்டுகிறவனுக்குத் தன் மொழி முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒரு தொழிற்சங்கக் கோரிக்கை! தமிழ் தெரிந்தவன் என்றால் கெட்ட வார்த்தையோடு பதிலையும் புரிந்துகொள்வான் என்ற கணக்கு. இந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன், 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழில் வேலைபார்த்தவர். எழுத்தறிந்த ஒருவர் சத்தமாகப் படிக்க, லயத்து வாசலில் பத்துப்பேர் உட்கார்ந்து கேட்ட பத்திரிகை அது. அரசு அவரைக் கைதுசெய்து நாடுகடத்தியது. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் இறந்தார்கள். 'தமிழ் நேசன்' 2019 தொடக்கத்தில் மூடப்பட்டது. துப்பாக்கி ஏதும் தேவைப்படவில்லை, நட்டம் போதுமானதாக இருந்தது.

பத்துப் பிள்ளை இருந்தால் ஒரு பள்ளி

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது. சட்டத்தில் 'பள்ளி' என்று இருந்தது, 'ஆசிரியர்' எப்படிப்பட்டவர் என்பதில் பிடி தளர்வு. கோயில் மண்டபமும் ஆயாக் கொட்டகையும் வகுப்பறையாயின. கொஞ்சம் படித்த கங்காணியோ கிராணியோ வாத்தியார் ஆனார். பிள்ளை கையெழுத்துப் போடக் கற்றால் போதும், கேள்வி கேட்கக் கற்க வேண்டாம் என்ற அளவுக்குத்தான் துரைமாரின் உற்சாகம் இருந்தது. அந்தக் கஞ்சத்தனமான பள்ளிகளிலிருந்துதான் பிறகு மலேசியத் தமிழ் எழுத்தில் பெரும்பகுதி கிளம்பியது என்பது துரைமார் போடாத கணக்கு.

நாடு விடுதலை பெற்ற 1957-இல் தமிழ்ப்பள்ளிகள் 888. இன்று 530-ஐ ஒட்டி நிற்கின்றன. ரப்பர்த் தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறியபோது ஆட்கள் சிதறினார்கள், பள்ளிகளும் போயின. மலையில் தேயிலை நின்றது, ஆகவே பள்ளிகளும் பல நின்றன: போ தோட்டம், சுங்கை பாலாஸ், புளூவேலி, ரிங்லெட், தானா ராத்தா என்று கேமரன் மலையில் இன்றும் தமிழ்ப்பள்ளிப் பலகைகளைப் பார்க்கலாம்.

பலகையில் ஒரு வேடிக்கை உண்டு. அரசு ஏட்டில் பல தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் 'லாடாங்', அதாவது தோட்டம், என்ற சொல் ஒட்டிக்கொண்டே இருக்கும். தோட்டமே இல்லாத இடத்திலும் அப்படித்தான். கோலாலம்பூர் நகருக்குள் 'லாடாங் எடின்பர்க்' தமிழ்ப்பள்ளி இருக்கிறது. ஸ்காட்லாந்துத் தலைநகரின் பெயர், மலாய்ச் சொல், தமிழ் வகுப்பறை. பால்மரம் ஒன்றுகூட இல்லை.

தமிழ்ப்பள்ளியின் உள்ளே எந்த மொழியில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்பதும் கோலாலம்பூரில்தான் முடிவாகும். 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. சில வருடத்தில் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. 2019-இல் நான்காம் ஆண்டு மலாய்ப் பாடநூலில், மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி வனப்பெழுத்தைச் சேர்க்கும் யோசனை வந்து, தமிழ், சீன அமைப்புகள் கொதித்தெழுந்தன. தமிழ், சீனப் பள்ளிகள் இருப்பதே அரசமைப்புக்கு முரண் என்று சிலர் வழக்குப் போட்டார்கள். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றமும் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் முரண் இல்லை என்றன. தேசிய மொழி மலாய், ஆனால் வேறு மொழி கற்பதையோ கற்பிப்பதையோ தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 152-ஆவது பிரிவு. ஒரே பிரிவின் இரண்டு பாதிகளை இரண்டு தரப்பும் பிடித்து இழுத்த வழக்கு அது.

ரப்பருக்கு நாவல், தேயிலைக்கு?

மலாயாவின் முதல் தமிழ் நாவல் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' 1917-இல் வந்தது. எழுதியவர் க. வெங்கடரத்தினம். அதற்குப் பின் வந்தவற்றில் ஒரு பெரும்பகுதி பால்மரக் காட்டைச் சுற்றியே நடக்கிறது. ஆ. ரெங்கசாமி, சீ. முத்துசாமி என்று தோட்டத்தை உள்ளிருந்து எழுதியவர்கள் ஒரு வரிசை. தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்து 'பால்மரக்காட்டினிலே' எழுதிய அகிலன் இன்னொரு பக்கம். எழுதியவர்களில் நிறையப் பேர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள். மேலே சொன்ன கஞ்சத்தனப் பள்ளி ஞாபகம் இருக்கட்டும்.

தேயிலை இந்த இலக்கியத்தில் அபூர்வமாகத்தான் வரும். மலேசியாவில் ரப்பர் லட்சக்கணக்கான ஹெக்டேரில், தேயிலை சில ஆயிரம் ஹெக்டேரில். பரப்பு குறைந்தால் பக்கமும் குறையும் போலிருக்கிறது. தேயிலைக் கதை வேண்டுமென்றால் தமிழன் கடல் தாண்டி இலங்கைக்கோ மேற்குத் தொடர்ச்சி மலைக்கோ போக வேண்டும். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935-இல் வந்தது. திருநெல்வேலிச் சீமைப் பெண் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சீரழிவதை, அந்தத் தோட்டங்களில் வாழாமலே அவர் எழுதினார். உள்ளே வாழ்ந்த தெளிவத்தை ஜோசப் போன்றவர்கள் பிறகு எழுதியபோது வேறு சூடு வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேயிலைத் தமிழரைப் பற்றிய பேர்பெற்ற இரண்டு நூல்கள் முதலில் ஆங்கிலத்தில் பிறந்தவை. சி. வி. வேலுப்பிள்ளை 1947-இல் இலங்கையின் தலவாக்கலைத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர். அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்து அவருடைய வாக்காளர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அவர் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி 1952-இல் நீண்ட கவிதை எழுதினார், ஆங்கிலத்தில். அதைத் தமிழில் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தந்தவர் சக்தீ பாலையா. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969-இல் வெளியிட்ட 'ரெட் டீ' நாவலும் ஆங்கிலம். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று மொழிபெயர்க்க 2007 ஆனது. 2013-இல் வந்த 'பரதேசி' படத்தின் வேர் அந்த நாவல்தான்.

ஏன் ஆங்கிலம்? யாரிடம் முறையிட வேண்டுமோ அவர்களுக்குத் தமிழ் 'இங்கே வா' அளவுக்குத்தான் தெரியும் என்பது என் ஊகம். தமிழில் எழுதினால் துயரப்பட்டவன் படிப்பான். ஆங்கிலத்தில் எழுதினால் துயரப்படுத்தியவன் படிக்கலாம். அதே இலங்கையில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் எதிர்வழியைப் பிடித்தார். 1940-ஐ ஒட்டித் தோட்டத் தொழிலாளருக்காகத் தமிழில் பாட்டுகள் கட்டிச் சிறு நூலாகப் போட்டார், மேடையில் பாடவும் செய்தார். துரையிடம் பேசுவதைவிட லயத்தில் பாடுவது வேகமாக வேலைசெய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கேமரன் மலை நாவல் ஒன்று உலகப்புகழ் பெற்றது

மலேசிய எழுத்தாளர் டான் துவான் எங் 2012-இல் எழுதிய 'மாலைப் பனிமூட்டத் தோட்டம்' புக்கர் இறுதிப் பட்டியலுக்குப் போனது, ஆசிய இலக்கியப் பரிசை வென்றது, 2019-இல் படமும் ஆனது. கதை நடப்பது கேமரன் மலையில். அதில் வரும் தேயிலைத் தோட்டத்தின் பெயர் மஜூபா. 1881-இல் டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்கள் ஆங்கிலேயரை முறியடித்த தென்னாப்பிரிக்க மலையின் பெயர் அது. தோட்டக்காரர் ஒரு போயர். பிரிட்டிஷ் மலாயாவுக்குள் உட்கார்ந்துகொண்டு பிரிட்டனின் தோல்வியைத் தன் வாசல் பலகையில் எழுதிவைத்து, போயர் குடியரசான டிரான்ஸ்வாலின் கொடியையும் பறக்கவிடுகிறார். ஜப்பானியத் தோட்டக்கலைஞர், சீன நீதிபதி, போயர் முதலாளி மூவருக்கும் நினைவும் காயமும் உண்டு. கொழுந்து பறிக்கும் தமிழர் கதையின் ஓரத்தில் நிற்கிறார்கள். நல்ல நாவல்தான். ஆனாலும் அந்த ஓரத்திலிருந்து யாராவது இதே கதையைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

பிரெஞ்சில் தோட்டக்காட்டுக்குப் பெரிய பரிசு

ஆன்ரி ஃபோகோன்னியே சிலாங்கூரில் ரப்பர் பயிரிட்ட பிரெஞ்சுக்காரர். அவருடைய 'மலேசி' நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. தமிழ்த் தொழிலாளர்கள் பாரிஸ் வரவேற்பறைகளுக்குள் நுழைந்தது அப்படித்தான்.

பாடநூலில் வந்த மணியம்

2011-இல் மலேசியா முழுவதும் ஒரு நாவலைப் பற்றிச் சண்டை நடந்தது. அப்துல்லா உசேன் எழுதிய 'இந்தர்லோக்'. 1971-இல் வெளியானது, ஒரு மலாய்க் குடும்பம், ஒரு சீனக் குடும்பம், மணியம் என்பவரின் இந்தியக் குடும்பம் மூன்றும் ஒன்றாகும் கதை. எழுதியவர் பின்னாளில் நாட்டின் இலக்கிய மாமணி விருது பெற்றவர். நாற்பது வருடம் யாருக்கும் உறுத்தாமல் கிடந்தது. ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பாடநூல் ஆக்கப்பட்டதும் வெடித்தது.

காரணம், தோட்டத்துக்கு வந்த இந்தியத் தொழிலாளர்களைச் சாதிப் பெயரால் 'பறையர்' என்று மொத்தமாகக் குறித்த வரிகள். மலாயில் அந்தச் சொல் வெறும் வசை. மூல ஊரில் பறை முழக்கிய மக்களின் பெயர், ஆங்கிலம் வழியாக உலகம் சுற்றி, ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளோடு மலாய்க்குள் போயிருந்தது. வகுப்பறையில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளையை மற்றவர்கள் எப்படித் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பெற்றோரின் பயம் முற்றிலும் நியாயம். திருத்தம் செய்வதாகச் சொன்னார்கள், குழு போட்டார்கள், குழுவுக்குள் சண்டை வந்தது. அந்த வருடக் கடைசியில் நூலைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தார்கள்.

சங்கடமான பகுதி வேறொன்று. எதிர்த்தவர்களில் ஒரு சாரார் 'நாங்கள் எல்லாரும் அந்தச் சாதி அல்ல' என்றார்கள். அதாவது, வசை தவறு என்பதோடு நிற்காமல், வசை தவறான முகவரிக்கு வந்துவிட்டது என்றார்கள். அந்தப் பெயரோடு உண்மையாகவே வாழ்கிற மக்கள் அந்த மேடைகளில் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கப்பலில் சாதி கழன்று கடலில் விழுந்துவிட்டது என்பது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் கதை.

மலாய் தெரிந்தால்தான் குடிமகன்

மலேசிய அரசமைப்பு குடியுரிமை விண்ணப்பத்துக்கு மலாய் மொழி அறிவைக் கேட்கிறது; ஒரு பிரிவில் ஆரம்ப அறிவு, இன்னொரு பிரிவில் போதுமான அறிவு. தமிழிலேயே பிறந்து தமிழிலேயே வேலைவாங்கப்பட்டு, துரைகூடத் தமிழில் அதட்டிய தோட்டத்தில் வளர்ந்த ஒருத்தி மலாய் எங்கே கற்றிருப்பாள்? தோட்டம் அவளைத் தமிழுக்குள்ளேயே பூட்டிவைத்தது. பிறகு நாடு வந்து 'உனக்கு ஏன் மலாய் வரவில்லை' என்றது. விண்ணப்பிக்காமல் விட்டவர்கள், தேர்வில் தடுக்கியவர்கள், காகிதம் இல்லாதவர்கள், குடிமக்கள் அல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றார்கள். 1968-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கியது. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள்.

திரும்பாமல் தங்கிய சிலர் எங்கே போய்ச் சிக்கினார்கள் என்பதற்கு இதே பகாங் மாநிலம் சாட்சி. தெற்கே செலாஞ்சார் அம்பாட் என்ற இடத்தில் தமிழர்களைக் கொத்தடிமைகளாக அடைத்துவைத்து வேலைவாங்கியது 1983-இல் வெளிச்சத்துக்கு வந்தது. கோ. புண்ணியவான் அதை 'செலாஞ்சார் அம்பாட்' என்ற பெயரிலேயே நாவலாக எழுதினார். தோட்டத்து இலக்கியம் என்றாலே பெருமூச்சும் ஒப்பாரியும் என்று முகம் சுளிப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கு

கெடாவின் பீடோங்கில் 1942-இல் பிறந்த கே. எஸ். மணியம், மலேசியாவின் முக்கியமான ஆங்கில எழுத்தாளர். 1981-இல் வந்த அவருடைய முதல் நாவலில் ரவி என்ற சிறுவன் தமிழ்ப்பள்ளியை விட்டு ஆங்கிலப் பள்ளிக்கு மாறுகிறான். மாறிய பிறகு வீட்டாரோடு அவன் பேசும் பேச்சு மெல்லக் காலியாகிக்கொண்டே போகிறது. ஏறும் படிக்கட்டிலேயே கீழ்ப்படிகளை இடித்துக்கொண்டு போகும் பையன். மணியம் 2020-இல் காலமானார்.

கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் ஈப்போ. அங்கே நடக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைப் பிரீத்தா சமரசன் 2008-இல் ஆங்கிலத்தில் எழுதினார். நாவலின் தலைப்பு குறுந்தொகையின் 234-ஆம் பாட்டிலிருந்து, ஏ. கே. ராமானுஜன் மொழிபெயர்ப்பு வழியாக வந்தது. தமிழைத் தொலைத்துவிட்டார்கள் என்று நாம் கவலைப்படும் தலைமுறை, சங்கப் பாட்டை அட்டையில் போட்டுக்கொள்கிறது. நம்மில் எத்தனை பேர் 234-ஐப் புரட்டிப் பார்த்திருக்கிறோம் என்பதையும் யோசிக்கலாம்.

தேயிலை தந்த நாடக விருது

போ தேயிலை நிறுவனத்தின் பெயரில் 2000-களின் தொடக்கத்திலிருந்து மலேசிய மேடைக் கலைகளுக்கு 'கேமரோனியன்' விருதுகள் வழங்கப்படுகின்றன. நாடகம், நடனம், இசை எல்லாம் உண்டு.

தொகுதி யாருக்கு?

கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதி 2004-இல் முதல் தேர்தலைக் கண்டது. தேவமணி, பழனிவேல், சிவராஜ் என்று மலேசிய இந்தியக் காங்கிரஸின் (மஇகா) தமிழர்களே வரிசையாக வென்றார்கள். 2018 வெற்றி செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. 2019 ஜனவரி இடைத்தேர்தலில் ராம்லி முகமது நோர் வென்று, நாட்டின் முதல் ஓராங் அஸ்லி (பூர்வகுடி) நாடாளுமன்ற உறுப்பினரானார். கேமரன் வந்து போனதற்கு 134 வருடம் கழித்து, மலைக்குச் சொந்தக்காரர்களில் ஒருவர் அந்தப் பெயரைத் தாங்கி அவைக்குப் போனார்.

இப்போது கொழுந்து யார் கையில்?

தமிழ்ப் பிள்ளைகள் படித்து மலையிறங்கிவிட்டார்கள். இறங்கியதில் தவறும் இல்லை. இன்று சரிவுகளில் வங்கதேசத்தவர், நேபாளிகள், இந்தோனேசியர்கள். பல இடங்களில் விரல்களுக்குப் பதில் கத்தரியும் இயந்திரமும். அவர்களுக்குள் பொதுமொழி மலாய். முன்பு தொழிலாளியின் மொழியைத் துரை அரைகுறையாகக் கற்றார். இப்போது தொழிலாளிதான் வந்த நாட்டின் மொழியை அரைகுறையாகக் கற்கிறார். வேலைக்கு வேண்டிய சொற்கள் முதலில் வருகின்றன. வா, போ, எடு.

அவர்களிலும் எழுத்தாளர்கள் உண்டு. 2014-இல் சிங்கப்பூரில் புலம்பெயர் தொழிலாளர்களுக்கான கவிதைப் போட்டி தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டும் வென்றவர் வங்கதேசக் கட்டுமானத் தொழிலாளி ஜாகிர் உசேன் கோகன். 2015-இல் மலேசியாவிலும் அப்படி ஒரு போட்டி நடந்தது. தொழிலாளர்கள் அவரவர் தாய்மொழியிலேயே எழுதி அனுப்பலாம். மொழிபெயர்த்துப் படித்துக்கொள்ள வேண்டியது நடுவர்களின் பாடு.